கிம்முக்குப் பிறகு யார்? வட கொரியாவில் அதிகாரம் கைமாறும்போது போர் மூளுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிம் ஜாங் உன் திடீரென இறந்துவிட்டால் போர் வந்துவிடுமா?

இறப்பு ஒன்றே போரைக் கொண்டுவந்துவிடாது. வட கொரியாவில் இதுவரை இரண்டு தலைவர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்திருக்கிறார்கள். 1994 ஜூலை 8 அன்று கிம் ஜாங் உன்னின் தாத்தா கிம் இல் சுங் கண்மூடிய வேளை மிக இக்கட்டானது. யோங்பியோன் அணு உலை வளாகத்தைத் தாக்கலாமா என்று சில வாரங்களுக்கு முன்புவரை அமெரிக்கா ஆலோசித்துக்கொண்டிருந்தது. ஜூன் நடுவில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங்குக்கே போய்ப் பேசிய பிறகுதான் சூடு தணிந்தது. கிம் இல் சுங் இறந்த அதே நாளில் ஜெனீவாவில் அமெரிக்காவுடன் பேச்சு தொடங்கியிருந்தது. ஜூலை 25-இல் தென் கொரிய அதிபருடன் முதல் உச்சி மாநாடு நடக்க இருந்தது. மாநாடு நின்றுபோனது, ஆனால் போர் மூளவில்லை. அக்டோபர் 21-இல் அமெரிக்காவுடன் அணு உடன்படிக்கையே கையெழுத்தானது.

2011 டிசம்பர் 17-இல் அப்பா கிம் ஜாங் இல் இறந்தபோதும் எல்லை அமைதியாகவே இருந்தது.

ஆகவே "தலைவர் செத்தால் குண்டு விழும்" என்ற கணக்கு தவறு. அஞ்ச வேண்டிய இடங்கள் வேறு. வாரிசைத் தயார்செய்யும் காலம் ஒன்று. உள்ளே யார் கை ஓங்கியிருக்கிறது என்று வெளியே தெரியாத நாட்கள் இன்னொன்று. அந்த இருட்டில் ஒருவர் நகர்வதை மற்றவர் படையெடுப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கொரியப் போரின் முடிவில் 1953 ஜூலை 27-இல் கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டுமே. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது.

இந்தக் கேள்வியை இப்போது ஏன் எழுப்ப வேண்டும்? அவருக்கு வயது நாற்பது சொச்சம்தானே?

தாத்தா, அப்பா இருவருமே மாரடைப்பால் இறந்ததாகத்தான் அறிவிக்கப்பட்டது. கிம் ஜாங் உன்னின் எடை சுமார் 140 கிலோ இருக்கும், உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோய்க்கான அறிகுறிகளும் தெரிகின்றன என்று தென் கொரிய உளவு நிறுவனம் 2024 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவிடம் கூறியது. கூடவே இன்னொன்று: 1994-இல் வட கொரியாவிடம் சோதிக்கப்பட்ட அணுகுண்டு ஒன்றுகூட இல்லை. 2006 முதல் 2017 வரை ஆறு சோதனைகள் நடந்துவிட்டன. இன்று சுமார் 50 குண்டுகள் இருக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

வாரிசை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதற்குச் சட்டம் இருக்கிறதா?

ஏட்டில் இருக்கிறது. ஆட்சியின் உச்ச அமைப்பான அரசு விவகார ஆணையத்தின் தலைவரை உச்ச மக்கள் பேரவை, அதாவது நாடாளுமன்றம், தேர்ந்தெடுக்க வேண்டும். தொழிலாளர் கட்சியின் பொதுச் செயலாளரைக் கட்சி மாநாடு தேர்ந்தெடுக்க வேண்டும். இவை இரண்டும் முடிவு எடுக்கப்பட்ட பிறகு கை தூக்கும் இடங்கள்.

உண்மையான சட்டம், தலைவருக்கு எப்படி விசுவாசமாக இருப்பது என்று சொல்லும், 1974-இல் வந்த "பத்துக் கோட்பாடுகள்". அரசியல் சட்டத்தைவிட இதற்கே வலு அதிகம். ஆலையிலும் பள்ளியிலும் மக்கள் மனப்பாடம் செய்வதும், வாராந்திரக் கூட்டத்தில் தங்கள் தவறுகளை அளந்து சொல்வதும் இதை வைத்துத்தான். 2013-இல் இதைத் திருத்தியபோது, கட்சியும் புரட்சியும் "பெக்து ரத்த வழி"யிலேயே தொடர வேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்கள். பெக்து என்பது கிம் குடும்பம் தன் பிறப்புக் கதையோடு இணைத்துக்கொண்ட மலை. அந்தக் குடும்பத்தில் பிறக்காத ஒரு தளபதி ஆட்சியைப் பிடித்தால், ஒவ்வொரு குடிமகனும் மனப்பாடமாகச் சொல்லும் வாசகமே அவருக்கு எதிராக நிற்கும்.

2021 ஜனவரியில் எட்டாவது கட்சி மாநாடு "முதல் செயலாளர்" என்ற பதவியைப் புதிதாக உருவாக்கி, அவர் பொதுச் செயலாளரின் பிரதிநிதி என்று விதி எழுதியது. அப்போது யார் பெயரும் அறிவிக்கப்படவில்லை. அவசரத்துக்கு ஒரு நாற்காலி தயாராகிவிட்டது என்று இதை வாசிக்கலாம்.

அடுத்தது மகளா, தங்கையா?

மகள் 2022 நவம்பரில் முதன்முதலாக வெளியே வந்தார். வந்த இடம் பள்ளியோ விழா மேடையோ அல்ல: ஹ்வாசாங்-17 என்ற கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் முன்னால், வெள்ளைக் கோட்டு அணிந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அவரை அரசு ஊடகம் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. கிம் ஜு ஏ என்ற பெயர் உலகுக்குத் தெரிந்ததே 2013-இல் அங்கே போய்வந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மன் சொல்லித்தான். 2013 வாக்கில் பிறந்தவர் என்று கருதப்படுகிறது. 2024 தொடக்கத்தில் தென் கொரிய உளவு நிறுவனம், இப்போதைக்கு வாரிசாகும் வாய்ப்பு இவருக்கே அதிகம் என்றது. 2025 செப்டம்பரில் பெய்ஜிங் பயணத்துக்கும் அப்பா அவரை அழைத்துச் சென்றார்.

தங்கை கிம் யோ ஜாங்கின் நிலை வேறு. 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தென் கொரியா போனார். 2021-இல் அரசு விவகார ஆணையத்தில் உறுப்பினரானார். தெற்கையும் அமெரிக்காவையும் திட்டும் அறிக்கைகள் பல அவர் பெயரில்தான் வருகின்றன. கட்சி இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று அறிந்தவர்.

எங்கள் கணிப்பு இது. நாளையே ஒன்று நடந்தால் மகள் பெயரில் அரியணை, அத்தை கையில் ஆட்சி. பார்க்க இணக்கமான ஏற்பாடுதான், ஆனால் அடியில் ஒரு விரிசல் உண்டு. ஆட்சியை நடத்துபவர் ஒருவர், உரிமை உடையவர் வேறொருவர் என்றால், அதிகாரிகள் இரண்டு வாசலிலும் நிற்பார்கள். மகள் வளர வளர அத்தையின் ஆட்களுக்குத் தலை மேல் கத்தி தொங்கும். கிம் ஜாங் உன் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்தது இதுதான். அப்போது அந்த இடத்தில் இருந்தவர் அவருடைய அத்தை கிம் கியோங் ஹுயின் கணவர் ஜாங் சாங் தேக்.

அப்போது என்ன நடந்தது?

2011 டிசம்பர் 28, பியோங்யாங், பனி கொட்டுகிறது. கிம் ஜாங் இல்லின் சவப்பெட்டியைச் சுமந்த கறுப்பு லிங்கன் காரின் இருபுறமும் எட்டுப் பேர் நடக்கிறார்கள். வலப்பக்கம் முதலில் கிம் ஜாங் உன், ஒரு கை காரின் மேல். அவருக்குப் பின்னால் மாமா ஜாங் சாங் தேக், அடுத்து கட்சியின் முதியவர்கள் கிம் கி நாம், சோ தே போக். இடப்பக்கம் நால்வரும் ராணுவ, பாதுகாப்புத் துறையினர்: தலைமைத் தளபதி ரி யோங் ஹோ, கிம் யோங் சுன், கிம் ஜாங் காக், ரகசியப் பாதுகாப்புத் துறையின் ஊ தோங் சுக்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். ஊ தோங் சுக் 2012 வசந்த காலத்துக்குப் பிறகு பொதுவெளியில் தென்படவில்லை. ரி யோங் ஹோ ஏழே மாதத்தில், 2012 ஜூலை 15 அன்று, "உடல்நலக் குறைவு" என்று சொல்லி எல்லாப் பதவிகளிலிருந்தும் நீக்கப்பட்டார். மாமா 2013 டிசம்பர் 8 அன்று அரசியல் குழுக் கூட்டத்தில் இருக்கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். நான்கு நாளில் மரண தண்டனை நிறைவேறியது. காரின் அந்தப் பக்கம் நடந்த கட்சி முதியவர்கள் இருவரும் 2024 வரை வாழ்ந்து முதுமையில் இறந்தார்கள்.

கிம் ஜாங் உன் துப்பாக்கி ஏந்தியவர்களையும், சொந்தமாகப் பணமும் சீனத் தொடர்பும் வைத்திருந்த மாமாவையும் தட்டினார். கட்சிப் பணி பார்த்த முதியவர்களை விட்டுவைத்தார். 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் அண்ணன் கிம் ஜாங் நாம் வி.எக்ஸ். நச்சால் கொல்லப்பட்டதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் ஆட்சியைக் கேட்கவில்லை. ஆனாலும் அதே ரத்தம்; வெளியார் யாரேனும் மாற்றாகக் கொண்டுவந்து நிறுத்தக்கூடியவர்.

போர் அபாயம் எந்தக் கட்டத்தில் அதிகம்?

பலர் இறப்புச் செய்தி வரும் வாரத்தையே பார்க்கிறார்கள். நடந்ததைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

கிம் ஜாங் இல்லுக்கு 2008 ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. அதன் பிறகுதான் மகனை அவசரமாகத் தயார்செய்தார்கள். 2010 மார்ச் 26-இல் தென் கொரியப் போர்க்கப்பல் சியோனான் மூழ்கி 46 மாலுமிகள் இறந்தார்கள். வட கொரிய நீர்மூழ்கிக் குண்டுதான் (டார்பிடோ) காரணம் என்று பன்னாட்டு விசாரணை சொன்னது. வட கொரியா மறுத்தது. செப்டம்பர் இறுதியில் மகனுக்குத் தளபதிப் பட்டம், கட்சியின் மத்திய ராணுவ ஆணையத்தில் துணைத் தலைவர் பதவி. நவம்பர் 23-இல் தென் கொரியாவின் யோன்பியோங் தீவின் மேல் பீரங்கித் தாக்குதல். வீரர்கள் இருவர், பொதுமக்கள் இருவர் பலி. ராணுவத்தில் ஒரு நாள்கூடப் பணியாற்றாத இளைஞனுக்குப் "பீரங்கி மேதை" என்ற பெயர் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஆவணம் காட்டி நிறுவ முடியாது. ஆனால் வாரிசுக்கு ராணுவப் பெயர் தேவைப்பட்ட வேளையில் எல்லை சூடானது என்பது மறுக்க முடியாதது.

இறந்த பிறகு முதல் மாதங்கள் அமைதி. 2012 பிப்ரவரி 29-இல் அமெரிக்காவுடன் உடன்பாடு: 2,40,000 டன் ஊட்டச்சத்து உதவி, பதிலுக்கு ஏவுகணை, அணு சோதனைகள் நிறுத்தம். ஏப்ரல் 13-இல் செயற்கைக்கோள் ராக்கெட் விட்டார்கள்; அது வெடித்துச் சிதறியது, உடன்பாடும் அதோடு போனது. டிசம்பரில் அடுத்த ராக்கெட் வென்றது. 2013 பிப்ரவரி 12-இல் மூன்றாவது அணு சோதனை. மார்ச்சில் போர்நிறுத்தம் செல்லாது என்ற அறிவிப்பு. ஏப்ரலில் தெற்கோடு சேர்ந்து நடத்திய கேசோங் தொழிற்பேட்டையிலிருந்து சுமார் 53,000 தொழிலாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆட்சிக்கு வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. நெருக்கடி அப்போதுதான் உச்சத்துக்குப் போனது.

இடர் ஏறும் நேரங்கள் இரண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது: தலைவர் நோயுற்று வாரிசைத் தூக்கிவிடும் காலம், புதியவர் வந்து ஓராண்டு கழிந்த பிறகான காலம். நடுவில் வரும் அமைதியைக் கண்டு "மாறிவிட்டார்கள்" என்று முடிவுகட்டியவர்கள் இரண்டு முறையும் ஏமாந்தார்கள்.

தயாரிப்புக் காலம் குறைந்தால் என்ன ஆகும்?

கிம் ஜாங் இல் 1974-இல் உள்ளுக்குள் வாரிசாகி, 1980 மாநாட்டில் வெளியே அறிவிக்கப்பட்டு, 1991-இல் படைத் தலைமையையும் பெற்றார். இருபது ஆண்டு. அப்பா இறந்த அன்று நாடு ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. மூன்றாண்டு துக்கம் காத்து 1997-இல்தான் பொதுச் செயலாளர் ஆனார், அவசரமே படவில்லை. கிம் ஜாங் உன்னுக்கு வெளிப்படையாகக் கிடைத்தது பதினைந்து மாதம். அந்தக் குறையை மேலே சொன்ன நீக்கங்களாலும் தண்டனைகளாலும் நிரப்பினார். தயாரிப்பே இல்லாமல் ஒருவர் வந்தால் அதைவிடக் கொடிய விலை கொடுக்க நேரும்.

அணு ஆயுதப் பொத்தான் யார் கையில் இருக்கும்?

2022 செப்டம்பர் 8-இல் நிறைவேறிய அணுப்படைச் சட்டத்தின்படி, ஆணையிடும் உரிமை அரசு விவகாரத் தலைவர் ஒருவருக்கே உண்டு. அதே சட்டத்தில் ஒரு பிரிவு: எதிரியின் தாக்குதலால் அணுப்படையின் தலைமைக் கட்டமைப்பு ஆபத்துக்குள்ளானால், முன்பே வகுத்த திட்டப்படி "தானாகவே உடனடியாக" அணுத் தாக்குதல் தொடுக்கப்படும். தலைமையைக் குறிவைக்கும் தென் கொரியத் திட்டங்களுக்கு இது நேரடிப் பதில்.

சட்டம் "எதிரியின் தாக்குதல்" என்று சொல்கிறது. மாரடைப்பு அதில் வராது. ஆனால் முதல் சில மணி நேரத்தில் எது மாரடைப்பு, எது கொலை, எது தாக்குதல் என்று உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாமல் போகலாம். 2004 ஏப்ரல் 22-ஐ நினைத்துப் பாருங்கள். சீனாவிலிருந்து கிம் ஜாங் இல்லின் ரயில் கடந்துபோன சில மணி நேரத்தில் ரியோங்சோன் நிலையத்தில் பெரும் வெடிப்பு. சுமார் 160 பேர் பலி, பாதிப்பேர் பள்ளிக் குழந்தைகள். அமோனியம் நைட்ரேட் ஏற்றிய பெட்டிகளும் மின்கம்பியும் உரசிய விபத்து என்று அரசு சொன்னது. அந்த ரயில் தாமதமாகி, வெடிப்பு அவரையே கொன்றிருந்தால், விபத்து என்று யார் நம்பியிருப்பார்கள்? அன்று தானியங்கிப் பிரிவும் இல்லை, ஏவத்தக்க அணுகுண்டும் இல்லை.

உள்ளே இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டால்?

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். ராணுவம் ஒன்றாகத் தெரிந்தாலும், அரச பாதுகாப்புத் துறை, தலைவரைக் காக்கும் காவல் படை, ராணுவ அரசியல் தலைமையகம், எல்லோருடைய கோப்புகளையும் கையில் வைத்திருக்கும் கட்சியின் அமைப்பு வழிகாட்டித் துறை என்று ஒன்றையொன்று வேவு பார்க்கும்படியே கட்டியிருக்கிறார்கள். சதி நடக்காமல் தடுக்கும் அமைப்பு அது. தலைமை இல்லாதபோது சமரசத்தையும் அதுவே தடுக்கும், ஏனென்றால் யாரும் யாரையும் நம்பப் பழகவில்லை.

அப்போது வெளியார் முதலில் கேட்பது: குண்டுகள் எங்கே? தென் கொரியாவும் அமெரிக்காவும் வட கொரியக் குலைவுக்கென 5029 என்ற எண்ணில் திட்டம் வைத்திருக்கின்றன. சீனாவுக்கு அங்கே சுமார் 1,400 கிலோமீட்டர் எல்லை. அகதிகளும் அணுப்பொருளும் கடந்துவிடக் கூடாது என்று அதுவும் இறங்கலாம். தெற்கின் அரசியல் சட்டம் தீபகற்பம் முழுவதையும் தன் நிலம் என்கிறது. சீனாவின் பார்வையில், 1991-இல் ஐ.நா. உறுப்பினரான தனி நாடு அது. ஆக "உள்ளே போகும்" உரிமை யாருக்கு என்பதிலேயே உடன்பாடு இல்லை. ஒருவரை ஒருவர் நோக்கி வரும் இரண்டு படைகள், நடுவில் யார் ஆணைக்கும் கட்டுப்படாத வட கொரியப் பிரிவுகள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, சண்டை பெரிதாக இல்லாமல் அரசு குலைந்தாலும் ஒழுங்கை நிலைநாட்ட 2,60,000 முதல் 4,00,000 வீரர்கள் வேண்டும் என்று கணக்கிட்டது.

சீனாவும் ரஷ்யாவும் கட்டாயம் போருக்கு வர வேண்டுமா?

1961 ஜூலை 11-இல் சீனாவுடன் செய்த ஒப்பந்தமும், 2024 ஜூன் 19-இல் ரஷ்யாவுடன் செய்த ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவும், வட கொரியா தாக்கப்பட்டால் ராணுவ உதவி என்கின்றன. உள்நாட்டு அதிகாரப் போட்டியை அவை குறிக்கவில்லை. ஆனால் ஒரு கோஷ்டி "எங்களைத் தாக்குகிறார்கள், வாருங்கள்" என்று அழைத்தால் அந்த வரிகளுக்கு உயிர் வந்துவிடும்.

சியோல் நகரம் உண்மையில் எவ்வளவு அருகில்?

இரு கொரியாக்களுக்கும் நடுவில் உள்ள ராணுவமற்ற பகுதியிலிருந்து சுமார் 40 முதல் 50 கிலோமீட்டர். 170 மில்லிமீட்டர் நீள்தூர பீரங்கிகளுக்கும் 240 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளுக்கும் எட்டும் தொலைவு. அணுகுண்டு இல்லாமலேயே பேரழிவு சாத்தியம்.

"அவர் இறந்துவிட்டார்" என்று செய்தி பரவினால் நம்பலாமா?

பொறுங்கள். 2014-இல் சுமார் 40 நாள் காணவில்லை, கைத்தடியோடு திரும்பினார். 2020 ஏப்ரல் 15 அன்று தாத்தாவின் பிறந்தநாள் மரியாதைக்கு வரவில்லை. இறந்துவிட்டார், மூளைச்சாவு என்றெல்லாம் எழுதினார்கள். மே தொடக்கத்தில் சுன்சோன் உர ஆலையின் ரிப்பனை வெட்டியபடி வந்து நின்றார்.

உண்மையான செய்திக்கு ஒரு வடிவம் உண்டு. முக்கிய ஒலிபரப்பு வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். நண்பகல் 12 மணிக்குக் கறுப்பு உடையில் செய்தி வாசிப்பவர் தோன்றுவார். 1994-இல் இறந்து சுமார் 34 மணி நேரம் கழித்து, 2011-இல் சுமார் 51 மணி நேரம் கழித்து. இரண்டாவது முறை தென் கொரிய உளவுத் துறையே தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டது; இறந்த நாளில் அதிபர் லீ மியுங் பாக் ஜப்பான் பயணத்தில் இருந்தார்.

அடுத்து இறுதிச் சடங்குக் குழுவின் பட்டியலைப் பாருங்கள். 1994-இல் 273 பேர், முதல் பெயர் கிம் ஜாங் இல். 2011-இல் 232 பேர், முதல் பெயர் கிம் ஜாங் உன், மாமா 19-ஆவது. முதல் பெயர்தான் வாரிசு. பட்டியல் வரத் தாமதமானாலோ, இரண்டு வடிவங்கள் வந்தாலோ, முதல் பெயர் கிம் குடும்பத்துக்கு வெளியே இருந்தாலோ, அப்போது கவலைப்பட வேண்டும்.

வெளிநாடுகள் அந்த நாட்களில் எதைத் தவிர்க்க வேண்டும்?

நாள்காட்டியைப் பார்க்காமல் இருப்பதை. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தென் கொரிய–அமெரிக்கப் பெரும் பயிற்சிகள் நடக்கின்றன. சாவு அந்த வாரங்களில் விழுந்தால் படைகள் ஏற்கெனவே களத்தில் இருக்கும். பயிற்சியை நிறுத்துவதா தொடர்வதா என்பதைச் சில மணி நேரத்தில் முடிவுசெய்து, மறுபக்கத்துக்குச் சொல்லியும் ஆக வேண்டும்.

இரங்கலும் சின்ன விஷயமல்ல. 1994-இல் தென் கொரிய அரசு இரங்கல் தெரிவிக்க மறுத்தது, தெரிவிக்க முயன்றவர்களையும் தடுத்தது. தெற்கு–வடக்குப் பேச்சு ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2011-இல் வட கொரிய மக்களுக்கு ஆறுதல் சொன்னது, எல்லையில் கிறிஸ்துமஸ் மர விளக்கேற்றலைக் கைவிட்டது, முன்னாள் அதிபர் கிம் தே ஜுங்கின் மனைவி லீ ஹீ ஹோ பியோங்யாங் சென்று அஞ்சலி செலுத்த அனுமதித்தது. வடக்கு வசைபாடியது, ஆனால் துப்பாக்கி வெடிக்கவில்லை.

தவறாகப் புரிந்துகொள்வதுதான் ஆபத்து என்றால், பேசிக்கொள்ள வழி இருக்கிறதா?

தெற்கு–வடக்குத் தொலைபேசித் தொடர்பில் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் சோதனை அழைப்பு போகும். 2023 ஏப்ரல் 7 முதல் வடக்கு எடுப்பதில்லை. 2018 செப்டம்பர் 19-இல் எல்லைப் பதற்றத்தைக் குறைக்கச் செய்த ராணுவ உடன்பாட்டை 2023 நவம்பரில் வடக்கு தூக்கி எறிந்தது. 2024 ஜூனில் தெற்கும் முழுவதுமாக நிறுத்திவைத்தது.

மிஞ்சியிருப்பது எல்லையில் உள்ள போர்நிறுத்தக் கிராமம் பன்முன்ஜோமில் ஐ.நா. படைத் தலைமையகத்தின் மேசையில் உள்ள இளஞ்சிவப்புத் தொலைபேசி. 2024 அக்டோபர் 9 அன்று, தெற்கோடு இணைக்கும் சாலைகளையும் தண்டவாளங்களையும் துண்டிக்கப்போவதாக வடக்கு அமெரிக்கப் படைக்குத் தொலைபேசி வழியே தகவல் அனுப்பியது. தவறான கணிப்பாலும் தற்செயலாகவும் மோதல் வந்துவிடக் கூடாது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். ஆறு நாள் கழித்துச் சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.